பார்த்துப் பார்த்தே கை பழகுமா? ஒரு பரோட்டாக் கடைக்காரரின் கேள்வி

வீச்சுக்கை | ஞாயிறு, இரவு 11.50

எல்லாருக்கும் வணக்கம். கடையை மூடிவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

திருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். நான் தொழில் கற்றது விருதுநகரில். 1998இல் 17 வயதில் எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் வெங்காயம் உரித்தேன், சால்னா வாளி தூக்கினேன், மாவு மூட்டை சுமந்தேன். மாஸ்டர் ஒரு நாளும் "இப்படி வீசுடா" என்று சொல்லித்தந்தது கிடையாது. "பார்த்துக்கிட்டே இரு, தானா வந்துரும்" என்பார். வந்துவிட்டது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். கடையில் இரண்டு பையன்கள். ஒருவன் உள்ளூர், 22 வயது, டிப்ளமோ படித்தவன். பரோட்டா மாஸ்டர் ஆக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறான். எந்த ஊரில் எப்படி வீசுவார்கள் என்று கேட்டால் கடகடவென்று சொல்வான். மூன்று மாதம் ஆகிறது. கையில் மாவைக் கொடுத்தால் ஒன்று கிழிகிறது, இல்லையென்றால் ஈரச்சாக்கு மாதிரி மேடையில் போய் விழுகிறது.

இன்னொருவன் ஒடிசாவிலிருந்து வந்தவன், 20 வயது. தமிழ் தெரியாது. பாத்திரம் கழுவத்தான் வந்தான். ஆள் குறைந்ததால் இரண்டு மாதமாகக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருண்டை பிடிக்கிறான். போன வாரம் சாயங்காலம் கேஸ் சிலிண்டர் விஷயமாக நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மேடையில் நின்று வீசிக்கொண்டிருக்கிறான். ஐந்து உருண்டையில் நான்கு கண்ணாடி மாதிரி விரிந்து கிடக்கிறது. யாரும் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. சொன்னாலும் புரியாது. இது எப்படி?

இது முதல் விஷயம். இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கடையில் மேசை துடைக்க ஒரு பெரியவர் இருக்கிறார், 60 தாண்டியவர். நேற்று அவர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். இந்த ஒடிசாப் பையன் அவரைப் பார்த்து, அச்சு அசலாக என் குரலில், "மூதேவி, கண்ணு எங்க இருக்கு?" என்றான். அவனுக்கு அர்த்தம் தெரியாது, முகத்தில் கோபம்கூட இல்லை. டம்ளர் விழுந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அது என் வார்த்தை. எனக்கு அது என் மாஸ்டரிடமிருந்து வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தார்.

இரண்டு மாதத்தில் வார்த்தை ஒட்டிக்கொள்கிறது. ஆசைப்பட்டுப் பார்க்கிறவனுக்கு மூன்று மாதத்திலும் கை வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பாவுநூல் | திங்கள், காலை 6.15

அண்ணே, படித்துவிட்டு வேலையே ஓடவில்லை. நாங்கள் தறிக் குடும்பம், காஞ்சிபுரம். அப்பா குழியில் கால் தொங்கப்போட்டு நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பேன். யார் எப்போது சொல்லித்தந்தார்கள் என்று எனக்கும் ஞாபகம் இல்லை. இழையைத் தொடர்கிறேன்.

---

பேச்சிப்பாறை | திங்கள், மாலை 5.40

நான் பி.எட். மாணவர்களுக்கு உளவியல் எடுக்கிறேன். உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன, அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆல்பர்ட் பண்டூரா என்று ஒரு உளவியலாளர். கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர், 2021இல் காலமானார். 1961இல் அவரும் கூட இருந்தவர்களும் அந்தப் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்று. அடித்தால் சாயும், அடியில் கனம் இருப்பதால் திரும்ப எழுந்து நிற்கும். நம் தஞ்சாவூர்ப் பொம்மையை ஆள் உயரத்துக்குச் செய்தால் எப்படியோ அப்படி. ஒரு பங்குக் குழந்தைகளின் முன்னால் ஒரு பெரியவர் அந்தப் பொம்மையைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து மூக்கில் குத்தினார், சுத்தியலால் அடித்தார், கூடவே சில வார்த்தைகளையும் சொன்னார். இன்னொரு பங்குக் குழந்தைகளின் முன்னால் பெரியவர் பொம்மையைச் சீண்டாமல் தன் பாட்டுக்கு விளையாடினார். மூன்றாவது பங்கு யாரையும் பார்க்கவில்லை. பிறகு குழந்தைகளை அந்தப் பொம்மை இருக்கும் அறையில் விட்டார்கள். அடித்ததைப் பார்த்த குழந்தைகள் அதே மாதிரி உட்கார்ந்து அதே மூக்கில் குத்தினார்கள், அதே வார்த்தைகளையும் சொன்னார்கள். "செய்" என்று யாரும் சொல்லவில்லை. செய்ததற்கு மிட்டாயும் கிடையாது. அதுவரை, பரிசோ தண்டனையோ இருந்தால்தான் கற்றல் நடக்கும் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை இங்கே ஆட்டம் கண்டது.

உங்கள் கடைக்கு அதைவிடப் பொருத்தமானது 1965இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனை. இந்தத் தடவை குழந்தைகள் ஒரு படம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் காட்டிய படத்தில் அடித்தவருக்குப் பாராட்டு கிடைத்தது, இன்னொன்றில் திட்டு, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. திட்டு விழுந்ததைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். சரி, அவர்கள் கற்கவில்லை என்று சொல்லலாமா? பிறகு எல்லாக் குழந்தைகளிடமும் "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றார்கள். குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அத்தனை பேருக்கும் அது உள்ளே இருந்தது. வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அண்ணே, உங்கள் ஒடிசாத் தம்பி நீங்கள் வெளியே போன சாயங்காலம்தான் வீசினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குத் திடீரென்று வந்துவிடவில்லை. உள்ளே எப்போதோ ஏறியிருக்க வேண்டும். நீங்கள் நிற்கும்போது எடுத்துச் செய்தால் என்ன காதில் விழும் என்று அவனுக்குத் தெரியும்.

இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்களே அந்தப் பெரியவரைப் பற்றி மனம் நொந்து எழுதியதால் சொல்கிறேன்.

---

நெட்டைத்தென்னை | திங்கள், இரவு 9.05

பொம்மைச் சோதனையை எடுத்ததற்கெல்லாம் கொண்டுவருவது எனக்கு உடன்பாடு இல்லை டீச்சர். அடித்தால் எழுந்து நிற்கிற பொம்மையைக் கையில் கொடுத்தால் எந்தக் குழந்தையும் அடிக்கத்தான் செய்யும், அது அதற்கென்றே செய்த பொம்மை. பொம்மையைக் குத்துவதும் ஆளைக் குத்துவதும் ஒன்றல்ல. பெரியவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்தும் செய்திருக்கலாம்.

நான் டூவீலர் மெக்கானிக், 24 வருஷம். "பார்த்துக் கற்றுக்கொள்" என்கிற வழக்கத்தால் வந்த கெடுதலையும் யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். என் குருநாதர் கார்புரேட்டரைக் கழற்றும் முன் ஸ்பேனரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார். நானும் தட்டினேன். என்னிடம் கற்ற பையன்கள் மூன்று பேரும் தட்டுகிறார்கள். பத்து வருஷம் கழித்து அவரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் ஆரம்பத்தில் வேலை பார்த்த பட்டறையில் ஒரு பழைய வண்டியில் மிதவை சிக்கிக்கொள்ளுமாம், தட்டினால் விடுபடுமாம். அதற்காகத் தட்டிப் பழகிய கை. நாங்கள் நான்கு பேரும் காரணமே இல்லாமல் நல்ல கார்புரேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தோம். கற்றுக்கொடுக்கிறவன் வாயைத் திறந்து காரணம் சொல்ல வேண்டும். சொல்லாதது சோம்பேறித்தனம், சில இடத்தில் தொழிலை மறைக்கிற புத்தி.

---

பேச்சிப்பாறை | செவ்வாய், காலை 7.20

பொம்மையைப் பற்றிய உங்கள் ஆட்சேபம் நியாயம்தான். ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துச் சமூகத்தில் நடக்கும் வன்முறை முழுவதையும் விளக்கிவிட முடியாது.

நீங்கள் சொன்ன தட்டு இருக்கிறதே, அது அபாரமான உதாரணம். 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இருவர் சிம்பன்ஸிக் குட்டிகளுக்கும் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே பரிசு. எடுத்துக் காட்டியவர் வேண்டுமென்றே தேவையில்லாத சில காரியங்களையும் சேர்த்துச் செய்தார், மேல் துளையில் குச்சியைவிட்டுக் குத்துவது மாதிரி. பெட்டி உள்ளே தெரியாதபடி இருந்தபோது இருதரப்பும் எல்லாவற்றையும் அப்படியே செய்தன. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பெட்டியைக் கொடுத்தபோது, குத்துவதால் ஒரு பயனும் இல்லை என்பது கண்ணுக்கே தெரியும். சிம்பன்ஸிகள் அதை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. மனிதக் குழந்தைகள் அப்போதும் குத்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சோடா உப்பு எதற்கு, மாவை எதற்கு ஈரத்துணியால் மூடுகிறோம் என்று காரணம் புரிந்த பிறகுதான் செய்வேன் என்று மனிதக் குழந்தை பிடிவாதம் பிடித்திருந்தால் எந்தத் தொழிலும் அடுத்த தலைமுறைக்கு வந்திருக்காது. காரணம் தெரியாததையும் நம்பி அப்படியே எடுத்துக்கொள்ளும் இந்தக் குணத்தால்தான் நுட்பமும் வந்து சேர்கிறது, உங்கள் இரண்டு தட்டும் வந்து சேர்கிறது.

குழந்தைகள் ஒன்றும் யோசிக்காமல் எடுத்துக்கொள்வதும் இல்லை. கெர்கெலி என்ற ஹங்கேரிய ஆய்வாளரும் குழுவும் 2002இல் 14 மாதக் குழந்தைகள் முன்னால் ஒரு விளக்கை நெற்றியால் தொட்டு எரியவைத்துக் காட்டினார்கள். கை இரண்டும் சும்மா இருக்கும்போது நெற்றியால் தொட்டால், 69 சதவீதக் குழந்தைகள் பிறகு தாங்களும் நெற்றியால் தொட்டார்கள். குளிருக்குப் போர்வையைப் பிடித்துக்கொண்டு கை மாட்டிக்கொண்ட நிலையில் தொட்டுக் காட்டியபோது, 21 சதவீதம்தான் அப்படிச் செய்தார்கள். மற்றவர்கள் கையால் தொட்டார்கள். "கை காலியாக இருந்தும் நெற்றியால் செய்கிறாரே, அப்படியென்றால் அதில் ஏதோ இருக்கிறது" என்று இன்னும் பேச வராத குழந்தை கணக்குப் போடுகிறது. உங்கள் குருநாதர் அந்தப் பழைய வண்டியை நீங்கள் பார்க்கத் தட்டியிருந்தால், நீங்களும் மற்ற வண்டிகளைத் தட்டியிருக்க மாட்டீர்கள்.

---

சலங்கை | செவ்வாய், மதியம் 2.30

பரதம் சொல்லிக்கொடுக்கிறேன், திருச்சியில். அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் உள்ளூர்த் தம்பி நீங்கள் வீசும்போது எங்கே நிற்கிறான்? ஒடிசாத் தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறான்?

ஏன் கேட்கிறேன் என்றால், எதிரில் நின்று காட்டும்போது என் வலது கை அவர்களுக்கு இடது பக்கம் தெரியும். சின்னப் பிள்ளைகள் அப்படியே இடது கையைத் தூக்குவார்கள். அதனால் எதிரில் நின்றால் நான் கை காலை மாற்றிச் செய்து காட்டுவேன். கஷ்டமான ஜதி என்றால் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவேன், பிள்ளைகள் பின்னால் நின்று என்னோடு ஆடுவார்கள். முகம் தெரியாது, ஆனால் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வேலை மிச்சம். வீடியோவில் பெரும்பாலும் ஆள் எதிரில்தான் நிற்பார்.

---

வீச்சுக்கை | செவ்வாய், இரவு 11.30

சகோதரி, இதைப் படித்ததும் கல்லுப் பக்கம் போய் நின்று பார்த்தேன். உள்ளூர்ப் பையன் பார்சல் கட்டுகிற இடத்தில் நிற்பான். எனக்கு நேர் எதிர். நடுவில் கல், புகை. ஒடிசாப் பையன் என் இடது பக்கம், கொஞ்சம் பின்னால், தாழ்வான ஸ்டூலில். என் முழங்கை அவன் முகத்துக்கு நேராக இருக்கும்.

இது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் எழுதியதைக் காலையிலேயே படித்தேன், பதில் எழுத முடியவில்லை. நான் இல்லாத நேரத்தில்தான் வீசினான் என்பதன் அர்த்தம் இப்போது புரிகிறது. என் மாஸ்டர் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் நானும் முதன்முதலில் வீசினேன்.

---

வாவிக்கரை | புதன், காலை 4.10

மட்டக்களப்பைச் சேர்ந்தவள் நான், இப்ப வெளிநாட்டில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் இருக்கு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைப் பிறருக்குக் காட்டிக் கொடு. கேட்க வடிவாக இருக்கும். ஆனால் கையில் ஊசி போட நாளம் தேடுவதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் மூத்த தாதி ஒருவர் செய்வதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டி கட்டுவார், விரலால் இரண்டு தரம் தொடுவார், ஊசி போய்விடும். நான் பார்த்ததெல்லாம் தோலில் தெரிகிற நீலக் கோடுதான். கண்ணுக்குத் தெரிகிற நீலக் கோட்டில் குத்தினேன், தவறிப்போச்சு. அடுத்ததும் தவறிப்போச்சு. அந்த நோயாளி ஒரு வயதான அம்மா, "பரவாயில்லை பிள்ளை, திரும்பப் பார்" என்று கையை நீட்டினா. அப்பத்தான் மூத்த தாதி என் விரலைப் பிடித்துத் தன் விரலுக்குக் கீழே வைத்து அழுத்தினா. நல்ல நாளம் கண்ணுக்குத் தெரியாமல்கூட இருக்கும், ஆனால் அமத்தினால் மெத்தென்று திருப்பி எழும்பும். அவ தொட்ட இரண்டு தொடுகையும் அதுக்குத்தான். எத்தனையோ தரம் அதைக் கண்ணால் பார்த்தேன், அவ விரலுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியவே இல்லை.

அண்ணா, மாவிலும் அப்படி ஒன்று இருக்கும் எண்டு நினைக்கிறேன். உருண்டை பிடிக்கிற தம்பிக்கு மாவு இப்ப பதமா இல்லையா எண்டு கை சொல்லும். வீடியோ பார்க்கிற தம்பிக்கு அது எப்படித் தெரியும்?

---

இரவுப்பணி | புதன், இரவு 10.45

நான் பிசியோதெரபிஸ்ட், கோவை. வாவிக்கரை அக்கா சொன்னதற்கு ஆதாரமாக இரண்டு ஆய்வுகள் சொல்கிறேன்.

முதலாவது 2018இல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் இருவரும் செய்தது. மேசைமேல் தட்டு டம்ளர் எல்லாம் இருக்க, கீழே விரித்த துணியை மட்டும் சட்டென்று உருவுகிற வித்தை தெரியுமல்லவா? அந்த வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவை, சிலருக்கு 20 தடவை காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்கு "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை கூடியது. பலகையைக் குறிபார்த்துச் சின்ன அம்பை எறியும் டார்ட்ஸ் விளையாட்டு, மைக்கேல் ஜாக்சன் பாணியில் பின்னால் வழுக்கிப் போகும் நடை, இவற்றில் நிஜமாகவே செய்ய வைத்துப் பார்த்தார்கள். நம்பிக்கை கூடியதே தவிர, திறமை ஒரு துளி கூடவில்லை. இன்னொரு சோதனையில் கட்டைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டையைச் சும்மா கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்தப் பொய் நம்பிக்கை இறங்கியது. வீசக்கூட இல்லை, கனம் தெரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. 2005இல் லண்டனில் பாலே ஆடுகிறவர்களையும், பிரேசில் நாட்டுக் கபோயிரா ஆடுகிறவர்களையும் ஸ்கேனரில் படுக்கவைத்து இரண்டு நடனத்தின் வீடியோவையும் காட்டினார்கள். உடம்பு அசையக் கூடாது, பார்க்க மட்டும். தாங்கள் ஆடிப் பழகிய அசைவைப் பார்க்கும்போது, உடல் அசைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. "அடிக்கடி பார்த்த பழக்கமாக இருக்கும்" என்று நினைக்கலாம். அதனால் அடுத்த வருஷம் பாலேவிலேயே ஆண்கள் மட்டும் ஆடும் அசைவு, பெண்கள் மட்டும் ஆடும் அசைவு என்று பிரித்துக் காட்டினார்கள். ஒரே வகுப்பில் ஆடுகிறவர்கள், இரண்டையும் தினமும் பார்க்கிறவர்கள். அப்படியும் தன் உடம்பால் செய்த அசைவுக்குத்தான் கூடுதல் துடிப்பு.

என் நோயாளிகளிடமும் இதைப் பார்க்கிறேன். பக்கவாதம் வந்தவருக்குக் கை தூக்கும் பயிற்சியை முதலில் எத்தனை தடவை காட்டினாலும் பலன் இல்லை. கையைப் பிடித்து ஒரு தடவை கூடவே தூக்கிவிட்டு, பிறகு காட்டினால் அவர் பார்க்கும் விதமே மாறுகிறது. கண் தோளுக்குப் போகிறது. அதுவரை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் அண்ணே, என் கருத்து இது: பார்த்துவிட்டுச் செய்வதைவிட, ஒரு தடவையாவது செய்து தோற்றுவிட்டுப் பார்ப்பது மேல்.

---

நெட்டைத்தென்னை | புதன், இரவு 11.20

இது எனக்குப் புரிகிறது. பையனை முதலில் போல்ட்டை இறுக்கிக் கெடுக்க விட்டுவிட்டுப் பிறகு நான் இறுக்கினால் என் மணிக்கட்டையே பார்ப்பான். முதலிலேயே நான் காட்டினால் வண்டியைப் பார்ப்பான்.

ஆனாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதை விட மாட்டேன்.

---

மெழுகுச்சிலை | வியாழன், காலை 11.00

சுவாமிமலையில் சிலை வார்க்கும் குடும்பம் எங்களுடையது. சொல்வதா, காட்டுவதா என்ற வழக்கு இங்கே வந்துவிட்டதால் எழுதுகிறேன். எங்கள் பட்டறையில் இரண்டும் உண்டு, ஆனால் இடம் வேறு வேறு.

அளவு என்பது சொல்லித்தான் வரும். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, கணக்குப்படி மடிப்போம். ஒடியோலை என்போம். முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்பதெல்லாம் சுலோகமாகவும் கணக்காகவும் வாயில் ஏற்றப்படும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது வராது. ஆனால் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சிக் கலந்து விரலில் உருட்டும்போது எந்தச் சூட்டில் விரலுக்கு வளைந்துகொடுக்கும், எந்தச் சூட்டில் ஒடியும் என்பதை என் அப்பா வாயால் சொன்னதே இல்லை. சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. காவேரி வண்டலைக் குழைத்து மெழுகின் மேல் முதல் பூச்சுப் பூசும்போதும் அப்படித்தான், நகைகளின் மடிப்புக்குள் காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. அவர் பூசும்போது ஒரு மூச்சு அடக்குவார். நான் பக்கத்தில் இருந்து அந்த மூச்சைத்தான் பிடித்தேன். இன்றைக்கும் பூசும்போது என் மூச்சு நிற்கும்.

புதிதாக வருகிறவருக்கு முகம் செய்யக் கொடுக்க மாட்டோம். மண் பிசைவார், பீடத்துக்கு அரம் போடுவார். தப்பினாலும் சரிசெய்யக்கூடிய வேலை. ஆனால் உட்காரும் இடம் ஸ்தபதிக்குப் பக்கத்தில். வேலை சின்னது, இடம் பெரியது. உங்கள் ஒடிசாத் தம்பிக்கு நீங்கள் அறியாமலே அந்த இடத்தைக் கொடுத்துவிட்டீர்கள்.

---

பேச்சிப்பாறை | வியாழன், இரவு 8.50

"வேலை சின்னது, இடம் பெரியது" என்பதை வகுப்பில் சொல்லப்போகிறேன், அனுமதி தாருங்கள் ஐயா.

இதையே ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் பார்த்தார். அங்கே புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் வேலை முடிந்த துணிக்குப் பொத்தான் வைப்பதும் ஓரம் அடிப்பதும். துணியை வெட்டுவது கடைசியில்தான் வரும், ஏனென்றால் வெட்டில் தப்பினால் துணி போச்சு. முடிந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கமாகத் தொழிலுக்குள் வருகிறார்கள்.

இன்னொன்று, மொழி தெரியாதவன் எப்படிக் கற்றான் என்ற கேள்விக்கு. பார்பரா ரோகோஃப் குழுவினர் குவாத்தமாலாவின் மாயா இனக் குழந்தைகளையும் அமெரிக்காவின் ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டு உடன்பிறப்புகள். ஒருவருக்கு ஒரு பொம்மை செய்யச் சொல்லித்தருவார்கள், மற்றவர் பக்கத்தில் காத்திருக்க வேண்டும். பள்ளிப்படிப்பின் தாக்கம் அதிகம் இல்லாத மாயாக் குடும்பக் குழந்தைகள் தங்களுக்குச் சொல்லாததையும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே பொம்மையைச் செய்யச் சொன்னபோது அதிகம் உதவி தேவைப்படாதவர்களும் அவர்கள்தான். பள்ளிக்கூடம் "உன்னைப் பார்த்துச் சொல்லும்போது கவனி" என்று பழக்கிவிடுகிறது. நான் ஆசிரியர், எனக்கு இது வலிக்கத்தான் செய்கிறது. உங்கள் டிப்ளமோத் தம்பி யாராவது தன்னைப் பார்த்துச் சொல்வார்கள் என்று காத்திருக்கிறானோ என்று தோன்றுகிறது. வீடியோவில் அது கிடைக்கிறது, கேமரா இவனைத்தான் பார்க்கிறது.

---

வீச்சுக்கை | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு நள்ளிரவு

மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.

உள்ளூர்ப் பையனைப் பார்சலிலிருந்து எடுத்து என் வலது பக்கம் ஒரு மேடை போட்டு நிறுத்தினேன். முதல் வாரம் உருண்டை மட்டும். மாவை முஷ்டிக்குள் பிடித்துக் கட்டைவிரல் இடுக்கில் பிதுக்கி எடுப்பது. முதல் நாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. நான்காவது நாள் அவனே, "அண்ணே, மாவு இன்னைக்கு முறுக்கிக்குது, இன்னும் ஊறணும்" என்றான். உண்மையிலேயே அன்றைக்கு மாவு ஊறவில்லை, எண்ணெய் தடவி மூடி வைத்த நேரம் குறைவு. எந்த வீடியோவிலும் அவனுக்கு இது கிடைக்கவில்லை.

இரண்டாவது வாரம் நனைத்த துண்டைக் கையில் கொடுத்தேன். மாவுக்குப் பதில் துண்டை வீசிப் பழகுவது பழைய வழக்கம்தான், நான் மறந்துபோயிருந்தேன். அவனை முதலில் பத்துத் தடவை வீசச் சொன்னேன், பிறகு நான் ஒரு தடவை மெதுவாக, பிறகு மறுபடி அவன். இரவுப்பணித் தம்பி சொன்ன வரிசை. அப்போது ஒரு நாள் கேட்டான்: "அண்ணே, வீசும்போது சுண்டுவிரலை ஏன் கடைசியா எடுக்கறீங்க?"

எனக்கு அப்படி எடுக்கிறேன் என்பதே தெரியாது. மறுபடி வீசிப் பார்த்தேன். ஆமாம், இடது கை மாவுக்கு அடியில் இருக்கும், மற்ற விரல்கள் விட்டபிறகும் சுண்டுவிரல் ஒரு கணம் ஓரத்தைத் தாங்கி நிற்கிறது. அது இல்லாவிட்டால் அந்த ஓரம் மடிந்து விழும். 25 வருஷத்துக்கும் மேல் தினமும் செய்கிறேன், 22 வயதுப் பையன் பார்த்துச் சொல்கிறான். மூன்று மாதம் எதிரில் நின்று பார்த்தவன், வீடியோவில் ஆயிரம் கை பார்த்தவன், அவன் கண்ணுக்கு அதுவரை படவில்லை. தன் கையில் ஓரம் மடிந்து மடிந்து விழுந்தபிறகு பட்டது.

நெட்டைத்தென்னை அண்ணன் சொன்னபடி வாயையும் திறந்தேன். ஏன் மூடி வைக்கிறோம், ஏன் சுட்ட பரோட்டாவை அடுக்கி இரண்டு பக்கமும் தட்டுகிறோம் என்று சொன்னேன். சொல்லத் தெரியாத இடத்தில் "இது எனக்கும் தெரியல, கையைப் பாரு" என்றேன். இப்போது பத்தில் ஆறு வருகிறது.

இன்னொரு விஷயம் கவனித்தேன். அவன் என்னைப் பார்ப்பதைவிட ஒடிசாப் பையனைப் பார்ப்பதில் சீக்கிரம் பிடிக்கிறான். ஒடிசாப் பையன் தப்பு செய்வான், நிறுத்துவான், மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பான், மறுபடி வீசுவான். என் கையில் தப்பு தெரியாது, அதனால் திருத்துவதும் தெரியாது போலிருக்கிறது.

பெரியவர் விஷயம். ஒடிசாப் பையனுக்கு அந்த வார்த்தையின் அர்த்தத்தைப் போனில் அவன் மொழிக்கு மாற்றிக் காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் காலை அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தான். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், பையன்கள் எதிரிலேயே கேட்டேன். "நீ மாறுப்பா, அவனுங்க மாறிடுவானுங்க" என்றார்.

அன்றிலிருந்து வாயில் அந்த வார்த்தை வரும்போது நிறுத்திக்கொண்டு "இங்க பாரு" என்கிறேன். இரண்டு தடவை தவறி வந்துவிட்டது. மீதி நாட்களில் இல்லை. போன செவ்வாய் சால்னா வாளி சரிந்தது, உள்ளூர்ப் பையன் கையிலிருந்து. ஒடிசாப் பையன் கல்லுப் பக்கத்திலிருந்து எட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்று வாளியைப் பிடித்தான்.

---

வாவிக்கரை | திங்கள், காலை 5.00

அண்ணா, அந்தப் பெரியவருக்கு என் அன்பைச் சொல்லுங்கோ.

---

பாவுநூல் | திங்கள், காலை 6.30

அண்ணே, துண்டு எந்த அளவு? என் தங்கை மகன் பழக ஆசைப்படுகிறான்.

---

வீச்சுக்கை | திங்கள், காலை 10.15

ரெண்டு முழம் போதும். மெல்லிய துண்டாக இருக்கட்டும், டர்க்கி டவல் வேண்டாம், கனம் தப்பாகப் பழகிவிடும். நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள், தண்ணீர் சொட்டக் கூடாது. முதலில் அவனே வீசட்டும். ஊருக்கு இந்தப் பக்கம் வந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் இருக்காது, என் பக்கத்தில் நிற்கட்டும்.